ஆளில்லாத இருமல்

அந்த இருமல் வெள்ளைத்திட்டுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை, மத்தியான மினிபஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், டிக்கெட் எடுக்காமல். கண்டக்டர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். சீட்டில் ஆளில்லை, ஆனால் சீட்டு இருமிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளையின் இருமல். மூச்சுவிட இடம் கொடுக்காமல் அடுக்கடுக்காக இருமி, கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும்போது சேவல் கூவத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியதுபோல ஒரு கூவல். கண்டக்டருக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலில் ஆச்சரியப்பட நேரமில்லை. "வெள்ளைத்திட்டு இறங்குறவங்க இறங்குங்க" என்றான், இருமல் இறங்கிக்கொண்டது.

எங்கேயோ ஓர் ஊரில் ஒரு பிள்ளையின் மூச்சு நின்றிருக்க வேண்டும், மூச்சு நின்ற பிறகும் நிற்கத் தெரியாத இருமல் குடியிருக்க வேறு தொண்டை தேடிக் கிளம்பியிருக்க வேண்டும் என்று டீக்கடை பால்பாண்டி சொன்னான். அதற்கு மேல் யாரும் துருவவில்லை. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு வெயிலில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து பழக்கம், காதில் ஒன்று கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது. பால்பாண்டி ஒரு கிளாஸ் சுக்குக்காப்பி போட்டு பெஞ்சு ஓரத்தில் வைத்தான், அது ஆறி ஏடு கட்டியது, இருமல் தொடவில்லை. ஊர்த்தலைவர் வந்து, ஆளைப் பார்த்துப் பேசுகிற மரியாதையில் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன காரியமாக வந்தது, எத்தனை நாள் இருப்பதாக உத்தேசம் என்று விசாரித்தார். இருமல் அவர் முகத்துக்கு நேரே ஒரு அடுக்கு இருமியது. "கக்குவான்" என்று சொல்லிவிட்டு அவர் நாலு எட்டு பின்னால் போய் நின்றார். அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தெருவில் நின்ற பெண்களெல்லாம் அவரவர் பிள்ளையைத் தேடி ஓடினார்கள்.

ஆனால் ஓடி என்ன. இருமலுக்கு ஒரு கதவிடுக்கு போதாதா? வெள்ளிக்கிழமை தொடங்கி அது கீழத்தெருவிலிருந்து வரிசையாக, ஓட்டுக் கேட்க வருகிறவர்களைப்போல ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியது. பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும், பிள்ளை ஏதோ வாடை அடித்ததுபோல மூக்கைச் சுளிக்கும், உள்ளே நுழைய அது முட்டிப் பார்ப்பது பெற்றவளுக்கே தெரியும், பிறகு உள்தாழ்ப்பாள் போட்ட வீட்டிலிருந்து திரும்புகிறவனைப்போல முணுமுணுவென்று இருமிக்கொண்டே வெளியே வந்துவிடும். ஊசி போட்ட பிள்ளைகள். மாசாமாசம் புதன்கிழமையில் அங்கன்வாடி வாசலில் தொடையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டி அழுத பிள்ளைகள்.

இரண்டே நாளில் பயம் பெருமையாக மாறிவிட்டது. நம் ஜனங்களைப் பற்றித் தெரியாதா. "எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருச்சு" என்று கோயிலில் திருநீறு வாங்கிவந்த தோரணையில் சொல்லிக்கொண்டார்கள். வந்து போன வீட்டு வாசலில் மாவிலை கட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதன் பின்னாலேயே போய் அதைப்போலவே இருமிக் காட்ட, அது கோபித்துக்கொண்டு வேகமாக நடந்தது. ஊசிக்கு முந்தானையை இழுத்து மறைத்துப் பிள்ளையை ஒளித்தவர்கள் எல்லாம் இப்போது ஊசியைக் கண்டுபிடித்ததே தாங்கள்தான் என்கிற மாதிரி பேசினார்கள்.

வடிவுக்கும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு இருந்தது, திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

வடிவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். காலையில் வாருபலகையைத் தூக்கிக்கொண்டு உப்புப் பாத்திக்குள் இறங்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் கால் கழுவி வீட்டுக்குள் நுழைந்த பிறகும் மூடாது. கங்காணியை வைவாள், கப்பலை வைவாள், மேகம் கறுத்தால் மழையை வைவாள். பெற்ற மூன்று பையன்களையும் ஒரு குறையில்லாமல் வளர்த்து ஆளாக்கி, புருஷனோடு சேர்த்துத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, தனியாக இருந்தாள். மூன்றும் முழுசாக நின்ற அந்த ராசிக்காகத்தான் பக்கத்து வீட்டுப் பேராச்சி தன் பிள்ளையை அவளுக்கு விற்றாள்.

விற்றாள் என்றால் நிஜமாகவே விற்றாள், ஒரு படி தவிட்டுக்கு. பேராச்சிக்கு முதல் பிள்ளை பிறந்த சூட்டோடு போயிற்று, இரண்டாவது தவழ்கிற வயதில் ஜன்னி கண்டு போயிற்று. மூன்றாவதாக இவன் பிறந்ததும், வெள்ளைத்திட்டில் காலங்காலமாகச் செய்கிறபடி, குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டி எடுத்து, வடிவு கொடுத்த தவிட்டை மடியில் வாங்கிக்கொண்டு, பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டாள். பேராச்சியின் பிள்ளை எங்கே என்று சாவு தேடி வந்தால், பேராச்சிக்குப் பிள்ளை இல்லை. பேராச்சியிடம் இருப்பது தவிடு. பிள்ளைக்குக் குப்பை என்று பெயர். இது ஒரு ஏமாற்று வேலைதான், ஆனால் ஏமாற்றுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டாமா, அதனால் அதற்கு இரண்டு விதி இருந்தது. விற்றவள் வாங்கியவள் வீட்டுக்கு வந்து பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், தொட்டில் ஆட்டலாம். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டக் கூடாது, என் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. வாங்கியவள் எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். ஆனால் அவள் கையில் இருக்கும்போது பிள்ளை உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் விற்பனை முறிந்துபோகும்.

திங்கட்கிழமை சாயங்காலம் வடிவு பாத்தியிலிருந்து திரும்பியபோது, இருமல் அவள் வீட்டு வாசலில், ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்திருந்தது. ஊரில் பாக்கி எல்லா வீட்டையும் முடித்துவிட்டு வந்த களைப்பு அதனிடம் இருந்தது. மெதுவாக, விட்டுவிட்டு, பொறுமையாக இருமிக்கொண்டிருந்தது.

"வா, வா. உள்ள போயி மோந்து பாத்துட்டுக் கெளம்பு. வாசல்ல உக்காந்து என்னத்த பண்ணுத?" என்று அதைக் கடந்து உள்ளே போனவள், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராச்சியிடம் கேட்டாள்: "ஏட்டி, இது வந்து எவ்வளவு நேரமாச்சு? இவங்கிட்ட வந்துச்சா?"

"இல்லக்கா. மத்தியானத்துலருந்து அங்கனயேதான் இருக்கு. உள்ள எட்டிப் பாக்கவும் இல்ல. எனக்கு அதான் ஒரு மாதிரியா இருக்கு."

"உனக்கு எதுதான் ஒரு மாதிரியா இல்ல? ஊசி போட்ட புள்ளைய அது என்ன செய்யும்?"

பேராச்சி முகம் தெளிந்தது. "அதான்க்கா நானும் நெனச்சேன். நீங்க தூக்கிட்டுப் போனப்ப ரொம்ப அழுதானோ?"

வடிவு தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"நான் தூக்கிட்டுப் போனேனா? நீதானட்டி போட்ட?"

"நானா? நான் எப்படிக்கா படி தாண்டுவேன்? நீங்க வேலைக்குப் போற வழியில அங்கன்வாடிக்குக் கொண்டுபோயிருப்பீகன்னுல்லா இருந்தேன்."

"நான் எப்படிட்டி கொண்டுபோவேன்? எங் கையில வச்சு ரத்தம் வரலாமா? அதுக்குத்தான புதன்கெழமை புதன்கெழமை சீக்கிரமே கெளம்பிப் போயிருவேன், நீ நர்ஸம்மாவ வீட்டுக்கு வரச்சொல்லிப் போட்டுக்கிடுவன்னு."

"நர்ஸம்மா வந்தாக. யாரு புள்ளன்னு கேட்டாக. வடிவக்கா புள்ள, அவுகளைத்தான் கேக்கணும்னு சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்லுதிய?"

சாவை ஏமாற்ற இத்தனை நுணுக்கமாகத் திட்டம் போட்ட புத்திசாலிகள் ஊசியையும் சேர்த்து ஏமாற்றிவிட்டிருந்தார்கள். பேராச்சி விற்றவள் என்பதால் போடவில்லை, வடிவு வாங்கியவள் என்பதால் போடவில்லை, இரண்டு தாய் இருந்தும் தொட்டிலில் கிடந்த பிள்ளை தாழ்ப்பாள் இல்லாத வீடாகத் திறந்து கிடந்தான். வாசலில் இருமல் ஆட்டுக்கல்லிலிருந்து இறங்கியது.

வடிவு பாய்ந்து கதவைச் சாத்தினாள். சேலைத்துணியைக் கிழித்து இடுக்கிலெல்லாம் திணித்தாள், ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டாள், திறந்த வீடுகளில் தாராளமாகப் புகுந்து வந்த இருமல் அடைத்த இந்த ஒரு கதவைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரம் இவ்வளவென்று இல்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்த திமிர், ஊரிலுள்ள எல்லோருக்கும் புத்தி சொன்ன வாய், வீட்டுக்குள் கிடக்கிற பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அவள் பாத்திக்குப் போகவில்லை. பால்பாண்டி தன் கைபேசியில் நர்ஸம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டதாகத் தெருவில் நின்று கத்தினான். மாவிலை கட்டிய வீட்டுக்காரர்கள் தூரத்தில் கூட்டமாக நின்று, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வேப்பிலைப் புகை போடு என்றார் ஒருவர், அதற்கு ஒரு சட்டியில் சர்க்கரைத் தண்ணீர் வை என்றார் இன்னொருவர், இருமலுக்கு வேறு ஊர் விலாசம் சொல்லி அனுப்பிவிடலாம் என்றவனை வேறு ஊரில் பெண் கொடுத்தவர்கள் அடிக்கப் போனார்கள்.

புதன்கிழமை காலையில் நர்ஸ் கிரேஸி ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் இருமலைப் பார்த்ததும் அவள் ஆச்சரியமெல்லாம் படவில்லை, "இந்த சனியன் இங்கயும் வந்திருச்சா" என்று மட்டும் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்று சத்தமாகப் பேசினாள்.

"வடிவக்கா, ஒண்ணு சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்கோங்க. இன்னைக்கு ஊசி போட்டாலும் இன்னைக்கே அது காவல் நிக்காது. மாசத்துக்கு ஒண்ணா மூணு ஊசி போடணும். அதுவரைக்கும் இந்த இருமல் புள்ள பக்கத்துலயே வரப்படாது. இவ்வளவு சின்னப் புள்ளைக்கு இது வந்தா இருமக்கூட முடியாது, மூச்சே நின்னுரும்."

"அதை எப்படிம்மா வராம நிறுத்துதது? கதவைத் தொறந்தா நீங்க வாரதுக்கு முன்னால அது வந்துருமே!"

"எனக்கும் தெரியலக்கா" என்றாள் கிரேஸி. "ஆனா கதவைத் தொறக்காம நான் ஊசி போட முடியாது. அந்த அடைஞ்சு கெடக்குற காத்துல வேண்டாம். புள்ளைய வெளிய வெளிச்சத்துக்குக் கொண்டாங்க. அம்மா மடியில வச்சுப் பிடிக்கணும். அம்மா யாரு?"

வீட்டுக்குள் பேராச்சி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு முறை என் பிள்ளை என்று வாயால் சொன்னவள் அவள், இரண்டு முறையும் உப்புமேட்டுக்குப் பின்னால் குழி தோண்டியதைப் பார்த்தவள். "நான் சொல்ல மாட்டேன்க்கா" என்று வடிவின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நான் சொன்னா அது கேட்டுரும். எஞ் சொல்லுக்குத்தான் காத்துக்கிட்டுக் கெடக்கு."

அப்போது ஜன்னல் சாக்கின் ஓரம் அசைந்தது. இருமல் உள்ளே வந்துவிட்டது.

முதலில் அடுப்படியில் இருமியது. பிறகு தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். அவசரமே இல்லை அதற்கு, தன் வீட்டுக்கு வந்தவனைப்போல மூலைமூலையாக இருமிப் பார்த்துக்கொண்டு தொட்டிலை நோக்கி வந்தது. குப்பை விழித்துக்கொண்டான். சத்தம் வந்த பக்கம் பார்த்து, பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தான். அந்தத் திறந்த வாயை வடிவு பார்த்தாள்.

அவள் தொட்டிலுக்கும் இருமலுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஏய்" என்றாள். "இங்க பாரு. அது என்ன தொண்டை? ஒரு சங்கு பாலு போக எடங்கெடையாது. நாளைக்கே அடைஞ்சுபோச்சுன்னா மறுபடி பஸ் ஏறித் தெருத்தெருவா அலைவ. இந்தத் தொண்டையப் பாரு. நாப்பது வருசமாக் கத்தின தொண்டை. ஊரே கேட்ட தொண்டை. எங்க அம்மை காலத்துல இந்த ஊர்ல ஊசியும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது, எந்தத் தாழ்ப்பாளும் இல்ல. உனக்கு இருக்க எடந்தானே வேணும்? வா."

இருமல் நின்றது. யோசித்தது என்றுதான் சொல்ல வேண்டும். வடிவு வாயை அகலத் திறந்தாள். உப்புக்காற்றில் கறுத்த முகத்தில் அந்த வாய் ஒரு குகை மாதிரி இருந்தது. அது உள்ளே போனது. சுடுசோற்றை அவசரமாக விழுங்கினால் தொண்டையில் ஒரு கனம் இறங்குமே, அப்படி இறங்கியது. அவள் வாயை மூடினாள். முந்தானையைச் சுருட்டி வாய்மேல் அழுத்தினாள்.

இறங்கிய உடனேயே அது வேலையை ஆரம்பித்துவிட்டது. நெஞ்சுக்குள் குத்தியது, பிடறியில் ஏறியது, கண்ணில் நீராக முட்டியது. ஒரு முறை இருமினால் போதும், வீடெல்லாம் அது சிதறும், முதல் சிதறல் தொட்டிலில் விழும். அவள் இருமக் கூடாது. பேசவும் கூடாது, வாயைத் திறந்தால் போச்சு. பிறந்ததிலிருந்து பேச்சைத் தவிர வேறு ஆயுதம் வைத்திருக்காத அந்தப் பெண் பேராச்சியை முறைத்தாள். தூக்குட்டி, என்று கண்ணால் சொன்னாள். தூக்கிக்கிட்டு வெளிய போ. பேராச்சி அசையவில்லை. அறைந்தாவது அசைக்கலாம் என்றால் அதற்கும் பக்கத்தில் போக வேண்டுமே, அதுவும் முடியாது. வடிவு திரும்பி, கதவில் திணித்த துணிகளைப் பிடுங்கிப் போட்டு, தாழ்ப்பாளை நீக்கி, வெளியே நடந்தாள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் வாயில் முந்தானையும் முகத்தில் ஏறிய கருநீலமும் பார்த்து எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. "யாரும் கிட்டப் போகாதீங்க!" என்று கிரேஸி கத்தினாள். "அக்கா, உப்புக் குவிக்குத தட்டுமேட்டுக் கொட்டகைக்குப் போங்க, அங்கேயே இருங்க, மாத்திரை கொண்டாரேன்!" வடிவு தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள்.

வீடுகள் முடிந்து பாத்திகள் தொடங்கின. வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான், இரண்டு பக்கமும் உப்பு வெயிலை வாங்கி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. இனி இருமலாம், இங்கே கேட்கவும் பிடிக்கவும் யாருமில்லை. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. இருமினால் காது அடைத்துக்கொள்ளும், அவளுக்குக் காது வேண்டியிருந்தது. பின்னால் ஊரிலிருந்து ஒரு சத்தம் வந்தாக வேண்டும். அந்தக் கிறுக்கி படியிலேயே நின்றுவிட்டால், இன்றைக்கு விட்டால், பயந்துகொண்டு இவனை எங்கேயாவது தூக்கிக்கொண்டு ஒளிந்துவிட்டால், இந்த இருமல் போனாலும் இன்னொரு பஸ்ஸில் இன்னொரு இருமல் வரும்.

நடந்தாள். சத்தம் வரவில்லை. நெஞ்சுக்கூடு வெடிப்பதுபோல இருந்தது, கால் பின்னியது, ஒரு வரப்பில் முட்டி போட்டு விழுந்து எழுந்தாள். சத்தம் வரவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்து அதன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பி நின்றாள். வெயிலில் ஊர் நெளிந்து தெரிந்தது. தன் வீட்டு வாசலில் ஒரு கூட்டம் தெரிந்தது, அதற்கு நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. குலதெய்வத்தை நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். அவளுக்கு நினைப்பிலும் வசவுதான் வந்தது. படியத் தாண்டுட்டி மூதேவி. தாண்டு.

காற்று திரும்பியபோது பேராச்சியின் குரல் வந்தது. அவள் அப்படிக் கத்தி வடிவு கேட்டதே இல்லை. ஊருக்கும், உப்புமேட்டுக்குப் பின்னால் கிடக்கிற இரண்டு குழிகளுக்கும், எங்கே காது வைத்திருக்கிறதோ அந்தச் சாவுக்கும் சேர்த்துக் கத்தினாள்.

"எம் புள்ளதான்! நாந்தான் பெத்தேன்! எம் புள்ளைக்குத்தான் போடணும், போடுங்க!"

வடிவு கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு சத்தம். இன்னும் ஒன்றே ஒன்று.

வந்தது. மூச்சு முழுவதையும் சேர்த்துக்கொண்டு, இப்படி ஒரு அநியாயம் உண்டா என்று கேட்கிற அழுகை, வீறிட்டு, நின்று, நன்றாகக் காற்றை இழுத்து, மறுபடியும் வீறிட்டது. அந்தச் சின்ன நெஞ்சு காற்றை எவ்வளவு சுலபமாக இழுக்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, வடிவு இருமினாள்.